டூரிங் பைக்கில் ஸ்பார்க் பிளக் மாற்றுவது: குழியில்தான் பாதி வேலை

டூரிங் பைக்கில், சிலிண்டருக்குள் பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறியைத் தருகிற பிளக்கைக் கழற்றி மாட்டுவது சின்ன வேலை. அந்த பிளக் கண்ணுக்குத் தெரியும் இடத்துக்குப் போய்ச் சேருவதுதான் பெரிய வேலை. சீட், சைட் பேனல், டேங்க், அதற்கடியில் ஏர் ஃபில்டர் பெட்டி, சில வண்டிகளில் ரேடியேட்டர் போல்ட்டையும் தளர்த்தி முன்னால் சாய்க்க வேண்டியிருக்கும். பிஎம்டபிள்யூ பாக்ஸர் வைத்திருப்பவர்களுக்கு யோகம்: சிலிண்டர் இரண்டும் பக்கவாட்டில் வெளியே நிற்பதால் நேராகவே கை வைக்கலாம். மற்றவர்கள் ஒரு விடுமுறை நாளை ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

எந்த வண்டியில் எந்தப் பேனலை எப்படிக் கழற்றுவது என்று இங்கே எழுதப்போவதில்லை. அது சர்வீஸ் மேனுவலில் இருக்கிறது. ஒவ்வொரு போல்ட்டும் எங்கிருந்து வந்தது என்று போனில் படம் எடுத்துக்கொண்டே போங்கள், போதும்.

எப்போது மாற்றுவது?

மேனுவலில் சொன்ன கிலோமீட்டர்தான் கணக்கு. முனை நிக்கலாலான சாதாரண பிளக் என்றால் பைக்கில் பெரும்பாலும் 10,000 கிலோமீட்டரை ஒட்டி வரும். இரிடியம் அதைவிடப் பல மடங்கு தாங்கும். அதற்கு முன்பே வண்டி சில அடையாளம் காட்டும்: காலையில் செல்ஃப் கூடுதலாகச் சுற்றும், ஐட்லிங்கில் துடிப்பு சீராக இருக்காது, பின்னால் ஆளும் பெட்டியும் இருக்கும்போது ஓவர்டேக் பண்ண ஆக்சிலரேட்டரைத் திருகினால் ஒரு கணம் திக்கிவிட்டுப் பிறகு இழுக்கும். தனியாக ஓட்டும்போது தெரியாத மிஸ்ஸிங் (பொறி தவறுவது) சுமையில் தெரிந்துவிடும். நீண்ட பயணம் கிளம்பும் முதல் நாள் இரவு மட்டும் இந்த வேலையைத் தொடாதீர்கள். மாற்றிய பிறகு உள்ளூரில் கொஞ்சம் ஓட்டிப் பார்க்க நாள் வேண்டும்.

எந்த பிளக்?

மேனுவலில் இருக்கும் எண்ணையே வாங்குங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. ஆனாலும் அந்த எண்ணைப் படிக்கத் தெரிந்திருந்தால் கடையில் 'இதுவும் அதேதான்' என்று தள்ளிவிட முடியாது.

டிபிஆர்8இஏ-9 என்று என்ஜிகே கம்பெனியின் ஒரு பிளக். பழைய டூரிங் வண்டிகளில் அடிக்கடி வருவது. 'டி' என்றால் மரையின் விட்டம் 12 மில்லிமீட்டர், ஸ்பேனர் அளவு 18. 'பி' (P) என்றால் பீங்கான் மூக்கு வெளியே நீண்டிருக்கும். 'ஆர்' என்றால் உள்ளே ரெசிஸ்டர் உண்டு. 8 என்பது வெப்ப எண். 'இ' என்றால் மரைப் பகுதியின் நீளம் 19 மில்லிமீட்டர். கடைசி 9, பொறி தாண்டும் இடைவெளி 0.9 மில்லிமீட்டர் என்கிறது. முதல் எழுத்து 'சி' என்றிருந்தால் மரை 10 மில்லிமீட்டர், ஸ்பேனர் 16. ஆங்கில B என்ற 'பி'யில் தொடங்கினால் மரை 14.

இதில் முக்கியமாக மரை நீளத்தில் விளையாடவே கூடாது. நீளம் கூடினால் பிஸ்டனிலோ வால்விலோ இடிக்கும். குறைந்தால் சிலிண்டர் ஹெட்டில் மிச்சமிருக்கும் மரையில் கார்பன் பிடித்து, அடுத்த முறை சரியான பிளக் இறங்காது. 'ஆர்' இல்லாத பிளக்கும் வேண்டாம். ரெசிஸ்டர் இல்லையென்றால் மின் இரைச்சல் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் ஈசியூவைக் குழப்பும்.

வெப்ப எண்தான் பலரைக் குழப்புவது. எரியும் நேரத்தில் பிளக்கின் மூக்கு சுமார் 450 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்தால்தான் மேலே படியும் கரி தானாக எரிந்து போகும். 850 டிகிரியைத் தாண்டினால் பொறி வருவதற்கு முன்பே அந்தச் சூட்டிலேயே பெட்ரோல் பற்றிக்கொள்ளும். இந்த இரண்டுக்கும் நடுவில் மூக்கை வைத்திருப்பதுதான் வெப்ப எண்ணின் வேலை. என்ஜிகேயிலும் டென்சோவிலும் எண் ஏற ஏற பிளக் குளிர்ச்சி. போஷிலும் சாம்பியனிலும் நேர்மாறு, எண் ஏற ஏறச் சூடு. என்ஜிகே 8க்கு டென்சோவில் 24 சமம். எனவே கம்பெனி மாற்றும்போது எண்ணை அப்படியே ஒப்பிடாமல் மாற்று அட்டவணையைப் பாருங்கள்.

'லாங் ரைடு போறேன், ஒரு எண் குளிர்ச்சியா போடலாமா?' என்று கேட்பவர்கள் உண்டு. சில பழைய ஹோண்டா மேனுவல்களில், தொடர்ந்து அதிவேகத்தில் ஓட்டுபவர்களுக்கு ஒரு எண் குளிர்ச்சியான பிளக் தனியாகக் குறிக்கப்பட்டிருக்கும். உங்கள் மேனுவலில் அப்படி இருந்தால் போடுங்கள். இல்லையென்றால் விடுங்கள். ஊருக்குள் ஊர்ந்து போகும்போது அந்தக் குளிர் பிளக்கில் கரிதான் மண்டும்.

இரிடியமா, நிக்கலா? இரிடியம் போட்டால் பவர் கூடும் என்று எவராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். என்ஜிகேயின் சாதாரண இரிடியம் ரகத்தில் நடு முனை 0.6 மில்லிமீட்டர்தான். முனை மெலிந்திருப்பதால் குறைந்த வோல்டேஜிலேயே பொறி வரும், இரிடியம் கடினமான உலோகம் என்பதால் தேய்மானமும் மெதுவாகத்தான். லாபம் அவ்வளவே. அதனால் என் கணக்கு எளிது: டேங்கைத் தூக்கினால்தான் பிளக் தெரியும் என்றால், மேனுவலோ பிளக் கம்பெனி அட்டவணையோ அனுமதிக்கும் இரிடியத்தைப் போடுங்கள், அடிக்கடி பிரிக்க வேண்டாம். வெளியிலிருந்தே கை எட்டும் வண்டிக்கு நிக்கல் போதும். கம்பெனியே இரிடியம் கொடுத்த வண்டியில் நிக்கலுக்கு இறங்க வேண்டாம். மாற்றும் கெடு மேனுவலில் இரிடியத்துக்குத்தான் எழுதியிருக்கும்.

வாங்கும் முன் மொத்தம் எத்தனை பிளக் என்றும் பாருங்கள். கோல்ட் விங்கில் ஆறு. டோமினார் 400இல் ஒரே சிலிண்டருக்கு மூன்று. ஆஃப்ரிக்கா ட்வின்னில் இரண்டு சிலிண்டருக்கு நான்கு. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றிவிடுங்கள்.

கருவிகள்

வண்டியோடு வந்த டூல் கிட்டில் இருக்கும் குழாய் ஸ்பேனரை யாரும் மதிப்பதில்லை. எனக்கு அதுதான் பிடித்தது. சுவர் மெல்லிசு, நீளமும் அந்த எஞ்சினுக்கென்றே அளந்தது. கார் கடையில் வாங்கும் பிளக் சாக்கெட் பல பைக்குகளில் பிளக் உட்கார்ந்திருக்கும் குழியில் இறங்கவே இறங்காது, அவ்வளவு தடிமன். தனியாக வாங்குவதென்றால் சுவர் மெலிந்த, உள்ளே காந்தம் வைத்த சாக்கெட்டாகப் பார்த்து வாங்குங்கள். ரப்பர் வைத்தவை புதிதில் நன்றாக இருக்கும். நாளடைவில் ரப்பர் பிளக்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, எக்ஸ்டென்ஷன் கம்பி மட்டும் மேலே வரும், சாக்கெட் குழிக்குள்ளேயே உட்கார்ந்துவிடும். எதுவாக இருந்தாலும் சாக்கெட்டும் எக்ஸ்டென்ஷனும் சேரும் இடத்தில் இன்சுலேஷன் டேப் இரண்டு சுற்றுச் சுற்றிவிடுங்கள்.

எவ்வளவு முறுக்குகிறோம் என்று காட்டும் டார்க் ரெஞ்ச் வேண்டும், ஆனால் சின்னதாக. 10 மில்லிமீட்டர் பிளக்குக்கு 10 முதல் 12 நியூட்டன் மீட்டர்தான் முறுக்கு. சக்கர நட்டுக்கு வைத்திருக்கும் பெரிய ரெஞ்சு அவ்வளவு கீழே சரியாகக் காட்டாது. இவற்றோடு கம்பி வகை இடைவெளி அளவுகோல், கையளவு ரப்பர் ட்யூப், டார்ச், காற்று அடிக்க ஏதாவது ஒன்று.

காயிலைக் கழற்றுவது

எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். அலுமினிய ஹெட்டில் சூட்டோடு பிளக்கைத் திருகினால் மரையும் கூடவே உரிந்து வரலாம். இக்னிஷனை அணைத்து பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள்.

பழைய வண்டியில் பிளக்கின் தலையில் ரப்பர் கேப். புதியவற்றில் பிளக்குக்கு உயர் வோல்டேஜ் கொடுக்கும் காயிலும் கேப்பும் ஒன்றாக, கோல் போல இருக்கும். கனெக்டரின் பூட்டை அழுத்திப் பிடித்தே இழுக்க வேண்டும், சூட்டில் வெந்த பிளாஸ்டிக் பட்டென்று ஒடியும். காயில் வரவில்லை என்றால் ஸ்க்ரூடிரைவரை அடியில் கொடுத்து நெம்பாதீர்கள். கையால் பிடித்து இடமும் வலமும் மெதுவாகத் திருகினால் ரப்பர் பிடி விட்டுவிடும், பிறகு நேராக மேலே இழுங்கள். எது எந்தச் சிலிண்டர் என்று டேப்பில் எழுதி ஒட்டுங்கள்.

குழி

இங்கேதான் நிதானம் வேண்டும். எனக்கு இந்த வேலையில் அதிக நேரம் வாங்குவதும் இதுதான்.

காயிலை எடுத்ததும் டார்ச் அடித்துக் குழிக்குள் பாருங்கள். மழையிலும் மண் ரோட்டிலும் ஓடிய வண்டியாக இருந்தால் பிளக்கின் அறுகோணத்தைச் சுற்றி மெல்லிய மணல் வளையமாகப் படிந்திருக்கும். சில நேரம் துருத் தண்ணீர் தேங்கி நிற்கும். இந்த நிலையில் பிளக்கைக் கழற்றினால் அந்த மணல் முழுவதும் நேராகச் சிலிண்டருக்குள் விழும். பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவில் மணல் போனால் பிறகு பிளக்கைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை.

கம்ப்ரஸர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் சைக்கிள் பம்பின் முனையில் மெல்லிய ட்யூப் ஒன்றை டேப் சுற்றி மாட்டி, அதைக் குழியின் அடிவரை இறக்கி அடியுங்கள். மேலே நின்று ஊதினால் மணல் சுற்றிச் சுற்றி அங்கேயே இறங்கும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், குழியில் இருப்பதெல்லாம் முகத்துக்குத்தான் வரும். தண்ணீர் இருந்தால் முதலில் துணியைக் கம்பியில் சுற்றி ஒற்றி எடுங்கள்.

ஒரே குழியில் திரும்பத் திரும்பத் தண்ணீர் நிற்கிறதா? பல எஞ்சின்களில் குழியின் அடியிலிருந்து ஹெட்டின் வெளிப்பக்கம் வரை ஒரு சிறு வடிகால் துளை உண்டு. சேறு அடைத்துக்கொண்டால் தண்ணீர் போக வழியில்லை. வெளியிலிருந்து மெல்லிய கம்பியை விட்டுக் குத்தினாலே திறந்துவிடும். மழையில் மட்டும் மிஸ் அடிக்கும் வண்டிக்குப் புது பிளக் வாங்கும் முன் இதைப் பாருங்கள்.

முதல் சுத்தம் போதும் என்று நினைக்காதீர்கள். பிளக்கைக் கால் சுற்று மட்டும் தளர்த்திவிட்டு மறுபடி காற்று அடியுங்கள். வாஷருக்கு அடியில் இறுகியிருந்த மண் அப்போதுதான் கிளம்பும்.

கழற்றிய பிளக் என்ன சொல்கிறது?

வரிசை மாறாமல் அடுக்கி வையுங்கள். மூக்கு வெளிர் பழுப்பு என்றால் எல்லாம் சரி. உலர்ந்த கறுப்புக் கரி என்றால் பெட்ரோல் கூடுதல், அல்லது ஏர் ஃபில்டர் அடைப்பு. எண்ணெய்ப் பிசுக்குள்ள ஈரக் கறுப்பு என்றால் ஆயில் மேலே வருகிறது, பிளக் மாற்றி அது தீராது. வெள்ளை வெளேரென்று பொடிக் கொப்புளங்களோடு இருந்தால் அதிகச் சூடு. எஃப்ஐ (ஃப்யூயல் இன்ஜெக்ஷன்) வண்டிகளில் நிறம் பொதுவாகவே வெளிறித்தான் இருக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மற்றவை ஒரே நிறமாக இருந்து ஒன்று மட்டும் வேறாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

பழைய பிளக்கோடு வாஷரும் வந்ததா என்று பாருங்கள். அது குழிக்குள்ளேயே ஒட்டியிருந்து, புது வாஷர் அதன் மேல் உட்கார்ந்தால் பிளக் சரியாக அமராது.

புதியதை மாட்டுவது

இடைவெளியைக் கம்பி அளவுகோலால் சரிபாருங்கள். நாணயம் போன்ற வட்ட அளவுகோலை இரிடியத்தில் திணிக்காதீர்கள், நடு முனை ஒடிந்துவிடும். நிக்கலில் சரிசெய்ய வேண்டியிருந்தால் வெளிக்கம்பியை மட்டும் வளையுங்கள். கீழே விழுந்த பிளக்கை மாட்ட வேண்டாம், பீங்கானில் மயிரிழை விரிசல் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது.

பிளக்கின் மேல் முனையை ரப்பர் ட்யூபுக்குள் செருகிக் குழியில் இறக்குங்கள். முதலில் இடப்பக்கமாகத் திருப்புங்கள். மரையும் மரையும் சேரும் இடத்தில் சின்னதாக ஒரு 'டக்' கையில் தெரியும். அங்கிருந்து வலப்பக்கம். மரை கோணலாக ஏறினால் ட்யூப் தானாக வழுக்கிவிடும், ஹெட்டுக்குச் சேதம் வராது. ஸ்பேனரோடு தொடங்கினால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. கடைசி வரை ட்யூபாலேயே இறங்க வேண்டும். வாஷர் தொட்டு நின்ற பிறகுதான் ஸ்பேனர்.

முறுக்கு மேனுவலில் சொன்னபடி. பொதுவாக 12 மில்லிமீட்டர் மரைக்கு 15 முதல் 20 நியூட்டன் மீட்டர், 14க்கு 25 முதல் 30. டார்க் ரெஞ்ச் இல்லையென்றால், புது பிளக்கைக் கையால் நின்ற இடத்திலிருந்து அரைச் சுற்று. வாஷர் நசுங்கும் வரை மெத்தென்று போய்ப் பிறகு கெட்டியாகும். ஏற்கெனவே நசுங்கிய வாஷருள்ள பழைய பிளக் என்றால் பன்னிரண்டில் ஒரு பங்கு சுற்றே போதும்.

மரையில் கிரீஸ், மரை பிடித்துக்கொள்ளாமல் இருக்கத் தடவும் ஆன்டி சீஸ் எதுவும் தடவ வேண்டாம். என்ஜிகேயே வேண்டாம் என்கிறது. மரைக்கு ஏற்கெனவே பூச்சு உண்டு, மேலே வழவழப்பும் சேர்ந்தால் ரெஞ்ச் காட்டும் அளவைவிட அதிகமாக இறுகிவிடும். மின்சாரம் கடத்தாத டைஎலக்ட்ரிக் கிரீஸ் தடவுவதென்றால் காயிலின் ரப்பர் வாயில் துளி போதும். காயிலை நேராக அழுத்துங்கள், உட்கார்ந்தது கையில் தெரியும். கனெக்டர் எல்லாம் 'க்ளிக்' ஆன பிறகுதான் சாவியைத் தொட வேண்டும்.

பின்சேர்க்கை: மாட்டிய பிறகு கேப் உட்காரவில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். பிளக்கின் உச்சியில் திருகியிருக்கும் குமிழ் நட்டைப் பாருங்கள். சில கேப்புகளுக்கு அது வேண்டும், சிலவற்றுக்கு வெறும் மரைதான் வேண்டும். கழற்றிய பிளக்கில் எப்படி இருந்ததோ அப்படியே புதியதிலும். நட்டு வேண்டுமென்றால் பிளையரால் லேசாக இறுக்கிவிடுங்கள், தளர்ந்திருந்தால் அதுவே மிஸ்ஸிங் கொடுக்கும்.

இன்னொன்று: மாற்றிய பிறகு எஞ்சின் விளக்கு எரிகிறது என்றால், பெரும்பாலும் ஏதோ ஒரு கனெக்டரைக் கழற்றி வைத்திருந்த நேரத்தில் சாவி போட்டிருப்பார்கள். எல்லாவற்றையும் மாட்டிச் சில முறை ஓட்டினால் பல வண்டிகளில் தானாக அணையும். அணையாவிட்டால் ஸ்கேனர் வைத்து அழிக்க வேண்டும். வண்டி ஒரு சிலிண்டரில் மட்டும் ஓடுகிறது என்றால் ஸ்கேனரெல்லாம் பிறகு. ஓடாத சிலிண்டரின் காயிலை மறுபடி அழுத்திப் பாருங்கள்.