ஹாலை அளந்துவிட்டு கேமரா வாங்குங்கள்

சின்னவளுக்குக் காது குத்தியபோது எடுத்த நாற்பது படங்களில் ஒன்றில்கூட அவள் முகம் தெளிவாக இல்லை. டிஎஸ்எல்ஆர் வாங்கி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. மாமன் மடியில் உட்கார்ந்து அவள் திமிறுகிறாள், நான் பட்டனை அழுத்திக்கொண்டே இருக்கிறேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் எல்லாம் கலங்கல். ஃப்ளாஷ் போட்ட நாலு படங்களில் அவள் முகம் சுண்ணாம்பு அடித்ததுபோல வெளுத்து, பின்னால் நின்ற தாத்தாவும் பாட்டியும் இருட்டில் போயிருந்தார்கள். அந்த நாள் திரும்ப வராது. அதனால்தான், கேமரா வாங்கப் போகிறேன் என்று யார் சொன்னாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: உங்கள் ஹால் எத்தனை அடி? என்ன விளக்கு எரிகிறது?

குடும்பப் படங்களில் பெரும்பாலானவை வீட்டுக்குள் எடுப்பவை. பெரம்பூரில் எங்கள் ஹால் பத்துக்குப் பன்னிரண்டு அடி, ஒரே ஒரு டியூப்லைட். கேமராவோடு வரும் 18-55 கிட் லென்ஸை முழுக்க ஜூம் செய்தால் அது எஃப் 5.6-க்கு வந்துவிடும், அதாவது உள்ளே வெளிச்சம் நுழையும் வாய் சுருங்கிவிடும் (எஃப் எண் குறைந்தால் வாய் பெரிது). வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு கூர்மையாக உணர வேண்டும் என்று சொல்லும் ஐஎஸ்ஓ-வை 1600 வைத்தும், எனக்கு ஷட்டர் வேகம், அதாவது ஒரு படம் பதிவாகும் நேரம், 1/30 வினாடிதான் கிடைத்தது. ஓடும் குழந்தை கலங்காமல் வர 1/250 வினாடியாவது வேண்டும். எஃப் 1.8 லென்ஸ் மாட்டினால் ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். அதே டியூப்லைட்டில் 1/250 தானாக வந்துவிடுகிறது. நான் பாடிக்கு, அதாவது லென்ஸ் இல்லாத வெறும் கேமராவுக்கு, கொட்டிய பணத்தில் ஒரு பகுதியை முதலிலேயே இந்த லென்ஸுக்கு ஒதுக்கியிருக்க வேண்டும்.

சரி, எந்த லென்ஸ்? இங்கேதான் ஹாலின் அளவு வருகிறது. எல்லோரும் 50 எம்.எம். எஃப் 1.8 வாங்கச் சொல்வார்கள். விலை குறைவு, முகம் அழகாக வரும், உண்மைதான். ஆனால் ஆரம்பநிலை டிஎஸ்எல்ஆர்களில் படம் பதியும் சென்சார் சிறியது, ஏபிஎஸ்-சி வகை. அதில் பத்தடி தள்ளி நின்று 50-ல் எடுத்தால் நாலரை அடி அகலம்தான் படத்தில் விழும். இரண்டு பேர் தோளோடு தோள் உரசி நின்றால் சரி, மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. 35-ல் ஆறரை அடி, 24-ல் ஒன்பது அடி. வீடு சின்னதென்றால் நிக்கானில் 35 எம்.எம். எஃப் 1.8 பாருங்கள். கேனானில் 24 எம்.எம். எஃப் 2.8 இருக்கிறது. எஃப் 1.8 வாங்கும் வெளிச்சத்தில் பாதிக்கும் குறைவாகத்தான் வாங்கும், ஆனால் கேக் வெட்டும்போது சுவரில் முதுகு முட்டாமல் எல்லோரையும் எடுக்கலாம். கடைக்குப் போனதும் கிட் லென்ஸை 24, 35, 50 என்று திருப்பி, உங்கள் ஹால் அளவுக்குத் தள்ளி நின்று பாருங்கள். ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். நான் இரட்டை லென்ஸ் சலுகை என்று தூரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டும் 55-250 ஜூம் லென்ஸும் சேர்த்து வாங்கினேன். வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குப் போன அன்று எடுத்தேன், மற்ற நாளெல்லாம் பையில்தான் கிடக்கிறது.

மெகாபிக்சலைப் பற்றிக் கவலை வேண்டாம். ஏ4 அளவு பிரிண்டுக்கே ஒன்பது போதும், இப்போதுள்ள எல்லாவற்றிலும் அதற்கு இரண்டு மடங்குக்குக் குறையாமல் இருக்கிறது. பாடியில் நான் பார்க்கச் சொல்வது ஒன்றுதான். போன் மாதிரி திரையைப் பார்த்து எடுக்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் கேனான் 200டி அல்லது 200டி மார்க் 2 வாங்குங்கள். திரை மடங்கித் திரும்பும், தொட்ட இடத்தில் சட்டென்று ஃபோகஸ் ஆகும். 1500டி-யில் திரை வழியாக ஃபோகஸ் மெதுவாகத்தான் வரும், அதில் கண்ணை வைத்து வியூஃபைண்டரில் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். நிக்கான் டி3500, டி5600 வாங்கினால் லென்ஸில் ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். அந்த பாடிகளுக்குள் ஃபோகஸ் செய்யும் மோட்டார் கிடையாது, இந்த லென்ஸ்களுக்குள் இருக்கிறது; பழைய ஏஎஃப்-டி லென்ஸ் மாட்டினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும்.

கேனானும் நிக்கானும் 2020-க்குப் பிறகு மிரர்லெஸ் என்ற, உள்ளே கண்ணாடி இல்லாத கேமராக்கள் பக்கம் போய்விட்டார்கள். அதனால் நல்ல டிஎஸ்எல்ஆர்கள் செகண்ட் ஹேண்டில் நியாயமான விலைக்குக் கிடைக்கின்றன. குடும்பப் படத்துக்கு அது தாராளமாகப் போதும். ரிச்சி தெருவோ வேறு எந்தக் கடையோ, உங்கள் எஸ்டி கார்டைக் கையோடு கொண்டுபோய்ப் பத்துப் படம் எடுத்து வந்து கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பாருங்கள். நிக்கான் என்றால் எத்தனை முறை ஷட்டர் ஓடியது என்பது அந்த ஃபைலுக்குள்ளேயே பதிவாகியிருக்கும். அப்புறம் லென்ஸின் ஒரு பக்கம் போன் டார்ச்சை அடித்து மறுபக்கம் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி மெல்லிய நூல் தெரிந்தால் அது பூஞ்சை. எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம்.

வாங்கியதும் டயலை ஆட்டோவில் விடாதீர்கள். கேனானில் ஏவி, நிக்கானில் ஏ என்ற இடத்தில் வையுங்கள் (எஃப் எண்ணை நீங்கள் சொல்வீர்கள், ஷட்டர் வேகத்தைக் கேமரா பார்த்துக்கொள்ளும்), ஐஎஸ்ஓ-வை ஆட்டோவில் வைத்து, குறைந்தபட்ச ஷட்டர் வேகம் கேட்கும் மெனு இருந்தால் 1/250 கொடுங்கள். ஒரு குழந்தைக்கு எஃப் 2, இரண்டு பேர் முன்பின்னாக நின்றால் எஃப் 4. 50 எம்.எம். லென்ஸில் ஆறரை அடி தூரத்தில் எஃப் 1.8 வைத்தால் தெளிவு விழும் ஆழம் நாலு அங்குலம்தான், அண்ணன் கண் தெளிவாக இருந்தால் தங்கச்சி மங்கிப்போவாள்.

பாதுகாப்பில் நான் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம் முழுக்க கேமராவை அதன் பையோடு பீரோவில் வைத்திருந்தேன். தை பிறந்து எடுத்தபோது லென்ஸுக்குள் பூஞ்சை. சுத்தம் செய்து கொடுத்தார்கள், ஆனால் கோட்டிங்கில் தடம் நின்றுவிட்டது. சென்னை ஈரக்காற்றுக்குக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவும் சிலிகா ஜெல்லும் போதும். நீல மணிகள் வெளிர் சிவப்பானால் இளஞ்சூட்டில் காயவைத்துத் திரும்பப் போடலாம். ஏசி அறையிலிருந்து மொட்டைமாடிக்குக் கொண்டுபோகும்போது பைக்குள்ளேயே கால் மணி நேரம் விட்டுவிட்டுப் பிறகு வெளியே எடுங்கள், கண்ணாடியில் பனி பூக்காது.