பிரேசில் உள்நாட்டுக் கால்பந்தை இங்கிருந்தே தொடர்ந்து பார்ப்பது எப்படி?

2025 ஜூனில் அமெரிக்காவில் நடந்த கிளப் உலகக் கோப்பையில் பொட்டாஃபோகோ, பாரிஸ் செயின்ட் ஜெர்மனை 1-0 என்று வென்றது. பாரிஸ் அணி ஐரோப்பிய சாம்பியன் பட்டம் வென்று மூன்று வாரம்கூட ஆகியிருக்கவில்லை. அடுத்த நாளே ஃபிளமெங்கோ, செல்சியை 3-1 என்று சாய்த்தது. ஃபுளுமினென்சே, இன்டர் மிலானை வெளியேற்றி அரையிறுதி வரை போனது. பிரேசிலில் இருந்து போன நான்கு கிளப்களும் குழுச் சுற்றைத் தாண்டின. அதைப் பார்த்துவிட்டு, இந்த அணிகளை வாராவாரம் பார்க்க முடியுமா என்று தேடியவர்கள் நிறையப் பேர். பெரும்பாலானோர் முதல் வாரத்திலேயே விட்டுவிட்டார்கள். போட்டிகளின் பெயர் குழப்பும், நேரம் குழப்பும், ஒரே லீக்கின் ஆட்டங்கள் நான்கைந்து திரைகளில் சிதறிக் கிடக்கும்.

அதனால் ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சேனலைத் தேடித் தொடங்காதீர்கள். ஆட்டத்தைத் தேர்ந்தெடுங்கள், அது யாருடைய சொந்த மைதானத்தில் நடக்கிறது என்று பாருங்கள், அதன் பிறகு திரையைத் தேடுங்கள். ஏன் இந்த வரிசை என்பது மூன்றாம் படியில் புரியும்.

படி 1: எந்தப் போட்டி என்று முடிவு செய்யுங்கள்

பிரேசில் கிளப் ஒன்று ஓராண்டில் நான்கு வெவ்வேறு போட்டிகளில் ஆடலாம். ஒவ்வொன்றின் ஒளிபரப்பு உரிமையும் தனித்தனியாக விற்கப்படுகிறது.

முதன்மையானது தேசிய லீக்கான பிரசிலெய்ராவ். 20 அணிகள், 38 சுற்றுகள், கடைசி 4 அணிகள் இரண்டாம் பிரிவுக்கு இறங்கும். தேடும்போது வெறுமனே 'சீரி ஏ' என்று போட்டால் இத்தாலிய லீக்தான் வரும். 'பிரேசில்' என்றோ 'பிரசிலெய்ராவ்' என்றோ சேர்த்துத் தேடுங்கள். அடுத்தது கோப்பா டோ பிரசில் என்ற நாக்-அவுட் கோப்பை. 1989 முதல் நடக்கிறது. மூன்றாவது, தென்னமெரிக்கக் கண்டத்தின் லிபர்ட்டடோரெஸ். இதை நடத்துவது பிரேசில் கூட்டமைப்பான சிபிஎஃப் அல்ல, தென்னமெரிக்கக் கூட்டமைப்பான கான்மெபால். எனவே லீக்குக்குச் சந்தா கட்டியவருக்கு லிபர்ட்டடோரெஸும் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம்.

நான்காவது மாநிலப் போட்டிகள். சாவ் பாவ்லோ மாநிலத்தின் பாவ்லிஸ்டா, ரியோவின் கரியோகா போன்றவை. வெளிநாட்டுப் பார்வையாளர்கள் இவற்றை ஒதுக்கிவிடுவார்கள். எங்கள் கருத்தில் அது தவறு. பரம எதிரிகள் ஆண்டின் தொடக்கத்திலேயே மோதுவதும், பெரிய கிளப்கள் பதின்வயதுப் பையன்களைக் களமிறக்கிப் பார்ப்பதும் இங்கேதான். 2026 முதல் நாள்காட்டி மாறிவிட்டது: மாநிலப் போட்டிகளுக்கு அதிகபட்சம் 11 ஆட்ட நாட்கள்தான், தேசிய லீக் ஜனவரிக் கடைசியிலேயே தொடங்கிவிடுகிறது. பழைய கட்டுரைகளில் 'லீக் ஏப்ரலில் தொடங்கும்' என்று இருந்தால் அதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

படி 2: நேரத்தைச் சரியாகக் கணக்கிடுங்கள்

சிபிஎஃப் அட்டவணையில் இருப்பது பிரசிலியா நேரம். அதோடு எட்டரை மணிநேரம் கூட்டினால் இந்திய, இலங்கை நேரம். சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்கள் 11 மணிநேரமும், துபாயில் இருப்பவர்கள் 7 மணிநேரமும் கூட்ட வேண்டும்.

ஞாயிறு மாலை 4 மணி ஆட்டம் நமக்குத் திங்கள் அதிகாலை 12:30. ஞாயிறு மாலை 6:30 என்றால் திங்கள் விடிகாலை 3 மணி. புதன் இரவு 9:30 ஆட்டம் நமக்கு வியாழன் காலை 6 மணிக்குத் தொடங்கி 8 மணிக்குள் முடிந்துவிடும். வேலைக்குப் போகிறவர்களுக்கு இதைவிட நல்ல நேரம் கிடையாது. லிபர்ட்டடோரெஸ், கோப்பா டோ பிரசில் ஆட்டங்கள் பல இந்த நேரத்தில்தான் வரும். எப்போதாவது வரும் ஞாயிறு காலை 11 மணி ஆட்டம் நமக்கு அன்று மாலையே 7:30-க்கு வரும். அதைக் கண்டால் விடாதீர்கள்.

இங்கே மூன்று தவறுகள் நடக்கும்.

முதலாவது, கிழமை. அட்டவணையில் 'புதன்' என்று பார்த்து, புதன் காலை அலாரம் வைப்பவர்கள் ஒரு நாள் முன்னதாகவே எழுந்துவிடுகிறார்கள். மதியம் 3:30-க்குப் பிறகு தொடங்கும் எந்த ஆட்டமும் நமக்கு மறுநாள்தான். பிரேசில் ஊடகங்கள் கிழமையை எண்ணாலும் குறிப்பதுண்டு: 2 என்றால் திங்கள், 4 என்றால் புதன், 5 என்றால் வியாழன்.

இரண்டாவது, கோடைகால நேரமாற்றம். பிரேசில் அதை 2019-இல் கைவிட்டுவிட்டது. ஆனால் புதுப்பிக்கப்படாத பழைய செல்போன்களும் சில பழைய இணையதளங்களும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏழரை மணிநேர வித்தியாசத்தையே காட்டும். ஆட்டம் தொடங்க வேண்டிய நேரத்தில் திரை காலியாக இருந்தால் முதலில் இதைச் சரிபாருங்கள்.

மூன்றாவது, உள்ளூர் நேரம். மனாவ்ஸ், குயாபா போன்ற மேற்கு நகரங்கள் பிரசிலியாவைவிட ஒரு மணிநேரம் பின்தங்கியவை. அந்த ஊர்களில் நடக்கும் ஆட்டத்துக்கு உள்ளூர்ச் செய்தியில் இருக்கும் நேரமும் சிபிஎஃப் அட்டவணை நேரமும் ஒன்றாக இருக்காது. அட்டவணையையே பின்பற்றுங்கள்.

தேதிகளைப் பொறுத்தவரை, சீசன் தொடங்கும்போது வெளியாவது அடிப்படை அட்டவணை மட்டுமே. எந்தச் சுற்றில் யாரோடு யார் என்று மட்டும் அதில் உறுதியாக இருக்கும். நாளும் நேரமும் சில சுற்றுகளுக்கு ஒருமுறை விரிவான அட்டவணையாக வெளியாகும். ஆகவே மூன்று மாதத்துக்கு முன்பே காலண்டரில் குறித்துவைத்துப் பயனில்லை. ஆட்டத்துக்கு ஐந்து நாட்களுக்கு முன் ஒருமுறை, முந்தைய நாள் ஒருமுறை பார்த்தால் போதும்.

படி 3: சொந்த மைதான அணி எது என்று பாருங்கள்

எல்லாம் இதில்தான் இருக்கிறது. அட்டவணையில் முதலில் எழுதப்படும் அணிதான் சொந்த மைதான அணி. 2021 செப்டம்பரில் வந்த 14.205 என்ற சட்டத்தின்படி, ஆட்டத்தை ஒளிபரப்பும் உரிமை முழுவதும் அந்த அணிக்கே சொந்தம்.

அதற்கு முன் இரண்டு கிளப்களும் ஒரே நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்திருந்தால்தான் ஒளிபரப்ப முடியும். 2019-இல் சில கிளப்கள் கேபிள் உரிமையை டர்னர் நிறுவனத்துக்கும், மற்றவை பிரேசிலின் பெரிய தொலைக்காட்சி நிறுவனமான குளோபோவுக்கும் விற்றிருந்தன. இந்தப் பக்கத்து அணியும் அந்தப் பக்கத்து அணியும் மோதினால் கேபிளில் இருவராலும் காட்ட முடியாத நிலை. 2020 ஜூனில் ஒரு தற்காலிக அவசரச் சட்டம் உரிமையைச் சொந்த மைதான அணிக்குக் கொடுத்தது. ஜூலை 1 அன்று ஃபிளமெங்கோ, பொவாவிஸ்டாவோடு ஆடிய ரியோ மாநிலப் போட்டி ஆட்டத்தைத் தன் யூடியூப் சேனலிலேயே நேரடியாகக் காட்டியது. ஒரே நேரத்தில் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். மறுநாளே குளோபோ அந்த மாநிலப் போட்டிக்கான ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது. அவசரச் சட்டம் சில மாதங்களில் காலாவதியானது, ஆனால் அதன் சாரம் அடுத்த ஆண்டு நிரந்தரச் சட்டமாகிவிட்டது.

இதற்குப் பிறகு கிளப்கள் இரண்டு குழுவாகப் பிரிந்து உரிமைகளை விற்றன. ஒன்று லிப்ரா, மற்றொன்று எல்எஃப்யூ. 2025 சீசனில் முதல் பிரிவில் இருந்தவற்றில் ஃபிளமெங்கோ, பால்மெய்ராஸ், சாவ் பாவ்லோ, சான்டோஸ், கிரேமியோ, அட்லெட்டிகோ மினெய்ரோ, பாயியா, விட்டோரியா, பிராகன்டினோ ஆகிய ஒன்பதும் லிப்ரா. கொரிந்தியன்ஸ், ஃபுளுமினென்சே, பொட்டாஃபோகோ, வாஸ்கோ, குருசெய்ரோ, இன்டர்நாசியோனால் உள்ளிட்ட மீதி பதினொன்றும் எல்எஃப்யூ. லிப்ரா தன் உரிமையை 2025 முதல் 2029 வரை குளோபோவுக்கு விற்றது. எல்எஃப்யூ தன் ஆட்டங்களைப் பிரித்து விற்றது: ரெக்கார்ட் தொலைக்காட்சி, யூடியூபில் கசே டிவி, அமேசான் பிரைம் வீடியோ, இவற்றோடு குளோபோவுக்கும் ஒரு பங்கு.

நடைமுறையில் இதன் பொருள்: பால்மெய்ராஸ்-கொரிந்தியன்ஸ் ஆட்டம் பால்மெய்ராஸ் மைதானத்தில் நடந்தால் குளோபோ குழுமத்தில் வரும். அதே இரு அணிகள் கொரிந்தியன்ஸ் மைதானத்தில் மோதினால் வேறு திரைக்குப் போகலாம். ஓர் அணியைப் பிடித்துப்போய் அதற்காகச் சந்தா கட்டினால், 38 ஆட்டங்களில் சொந்த மைதானத்தில் நடக்கும் 19 மட்டுமே உறுதி.

படி 4: உங்கள் நாட்டில் யார் காட்டுகிறார்கள் என்று கண்டுபிடியுங்கள்

மேலே சொன்ன பெயர்கள் எல்லாம் பிரேசிலுக்குள் செல்லுபடியாகும் ஒப்பந்தங்கள். வெளிநாட்டு உரிமை தனி. நாட்டுக்கு நாடு மாறும், சீசனுக்குச் சீசனும் கை மாறும். ஆகவே பணம் கட்டும் முன் இவற்றைப் பாருங்கள்: செயலியின் நடப்பு வார அட்டவணையில் பிரேசில் ஆட்டம் உண்மையிலேயே பட்டியலிடப்பட்டிருக்கிறதா? லிப்ரா, எல்எஃப்யூ ஆகிய இரு குழுக்களின் கிளப்களும், அதாவது ஃபிளமெங்கோ சொந்த மைதான ஆட்டமும் கொரிந்தியன்ஸ் சொந்த மைதான ஆட்டமும், அதில் இருக்கின்றனவா? ஆட்டம் முடிந்த பின் முழுப் பதிவும் கிடைக்குமா? நமக்கு விடிகாலையில் ஆட்டங்கள் நடப்பதால், நேரலையைவிட இந்தக் கடைசி வசதிதான் முக்கியம். மாதச் சந்தாவில் தொடங்குங்கள். ஆண்டுச் சந்தா கட்டி, நடுவில் உரிமை கைமாறினால் பணம் திரும்ப வருவது கடினம்.

யூடியூபில் கசே டிவி நேரலையைத் திறந்தால் 'உங்கள் நாட்டில் கிடைக்காது' என்று வரலாம். இணைப்பில் கோளாறு எதுவும் இல்லை, ஒப்பந்தப்படி நாட்டு எல்லை போட்டிருக்கிறார்கள். விபிஎன் போட்டு நுழைவதைப் பரிந்துரைக்க மாட்டோம். சேவை விதிகளை மீறுவது ஒருபுறம், கணக்கு முடங்கினால் கட்டிய சந்தாவும் போகும்.

720பி தரத்தில் ஓர் ஆட்டத்துக்கு ஏறக்குறைய 2 ஜிபி செலவாகும். செல்போன் டேட்டாவில் பார்ப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இணைய ஒளிபரப்பு களத்தைவிட அரை நிமிடம் வரை பின்தங்கும். ஸ்கோர் செயலியின் அறிவிப்பை அணைக்காவிட்டால் கோல் விழும் முன்பே செய்தி வந்துவிடும்.

படி 5: படம் கிடைக்காத ஆட்டத்துக்கு வானொலி

போர்த்துகீசியம் தெரியாவிட்டாலும் பிரேசில் வானொலி வர்ணனையைக் கேட்டுப்பாருங்கள். வர்ணனையாளரின் குரல் ஏறுவதை வைத்தே பந்து எந்தப் பக்கம் போகிறது என்று சில ஆட்டங்களில் பிடிபட்டுவிடும். பெலோ ஒரிசோன்டே அணிகளுக்கு இட்டாட்டியாயா, போர்ட்டோ அலெக்ரே அணிகளுக்கு காவூஷா ஆகிய நிலையங்கள் இணையத்தில் கிடைக்கும். 64 கேபிபிஎஸ் ஒலி என்றால் இரண்டு மணிநேரத்துக்கு 60 எம்பிதான். பல நிலையங்கள் யூடியூபிலும் வரும், ஆனால் அங்கே தெரிவது வர்ணனையாளர் அறைதான். ஆட்டம் வரும் என்று காத்திருக்க வேண்டாம்.

படி 6: புள்ளிப்பட்டியலைப் படியுங்கள்

பிரேசில் தளங்களின் பட்டியலில் 'டி' என்ற எழுத்தின் கீழ் இருப்பது டிரா அல்ல, தோல்வி. டிரா இருப்பது 'இ'-யின் கீழ். வெற்றிக்கு 'வி'. இதைக் கவனிக்காமல் அணியின் நிலையைத் தலைகீழாகப் புரிந்துகொள்பவர்கள் உண்டு.

புள்ளிகள் சமமானால் முதலில் பார்ப்பது கோல் வித்தியாசம் அல்ல, வெற்றிகளின் எண்ணிக்கை. 18 வெற்றி 6 டிரா பெற்ற அணியும், 17 வெற்றி 9 டிரா பெற்ற அணியும் 60 புள்ளிகளில் இருந்தால், இரண்டாவது அணி எத்தனை கோல் அடித்திருந்தாலும் முதலாவதுதான் மேலே. அதனால் சீசன் முடிவில் அணிகள் டிராவுக்குத் திருப்திப்படாமல் ஏறி ஆடும்.

ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கையையும் பாருங்கள். லிபர்ட்டடோரெஸ் போன்றவற்றுக்காக ஆட்டங்கள் தள்ளிப்போவது வழக்கம். 2024 மே மாதம் ரியோ கிராண்டே டோ சுல் வெள்ளத்தின்போது லீக்கின் 7, 8 ஆவது சுற்றுகளையே நிறுத்திவைத்தார்கள். அப்போது பட்டியலை மட்டும் பார்த்தவர்களுக்கு எந்த அணி எங்கே நிற்கிறது என்பதே தெரிந்திருக்காது.

படி 7: முதல் மாதம் எவற்றைப் பார்க்கலாம்

எல்லாவற்றையும் பார்க்க முயலாதீர்கள். வாரத்துக்கு ஓர் ஆட்டம், அதுவும் பரம எதிரிகள் மோதும் ஆட்டம் போதும். ரியோவின் மரக்கானா மைதானத்தில் ஃபிளமெங்கோ-ஃபுளுமினென்சே, போர்ட்டோ அலெக்ரேயில் கிரேமியோ-இன்டர்நாசியோனால், சால்வடோரில் பாயியா-விட்டோரியா. இவற்றோடு ஒரு சின்ன ஊர் அணியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2025-இல் முதன்முறையாக முதல் பிரிவுக்கு வந்த மிராசோல் நான்காம் இடம் பிடித்து லிபர்ட்டடோரெஸுக்கே போனது. இளம் வீரர்களைப் பார்க்க விரும்புவோர் ஜனவரியில் நடக்கும் கோப்பா சாவ் பாவ்லோ இளையோர் போட்டியை விடக்கூடாது. 2022-இல் 15 வயது என்ட்ரிக்கை உலகம் கவனித்தது அங்கேதான். இரண்டரை ஆண்டில் அவர் ரியல் மாட்ரிட்டில் இருந்தார்.

ஆட்டத்துக்கு முன் 'பெண்டுராடோ' பட்டியலைத் தேடிப் பாருங்கள். ஏற்கெனவே இரண்டு மஞ்சள் அட்டை வாங்கிய வீரர்கள் அவர்கள். மூன்றாவது வாங்கினால் அடுத்த ஆட்டத்தில் ஆட முடியாது. அடுத்த வாரம் பெரிய மோதல் இருந்தால், இந்தப் பட்டியலில் உள்ள முக்கிய வீரரைப் பயிற்சியாளர் இன்று பெஞ்சில் உட்காரவைத்திருப்பார். ஆட்டம் முடிந்த பின் நடுவரின் அறிக்கையைச் சிபிஎஃப் தன் தளத்தில் பிடிஎஃப் ஆக வெளியிடும். யாருக்கு எந்த நிமிடத்தில் அட்டை, எத்தனை நிமிடம் கூடுதல் நேரம், ஆட்டம் தாமதமானால் ஏன் என்பதெல்லாம் அதில் இருக்கும். போர்த்துகீசியத்தில் இருந்தாலும் மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டால் தெளிவாகவே புரியும்.