டாவ்ஸ் பக்கம் மண் வீடு வாங்கும் முன்

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் டாவ்ஸ் பக்கம், மின்கம்பியும் குழாய்த் தண்ணீரும் எட்டாத மேட்டில் ஒரு அடோபி வீடு விலைக்கு வந்தால், எல்லோரும் ஜன்னல் வழியே தெரியும் மலையைப் பார்ப்பார்கள். நான் சுவரின் அடியைப் பார்ப்பேன். கூட வரும் நண்பர்களையும் குனியச் சொல்வேன்.

அடோபி சூளைக்குப் போகாத, வெயிலில் காய்ந்த மண்கல். ஈரம் ஏறினால் மறுபடி சேறுதான். தரையிலிருந்து இரண்டடி உயரம் வரை சுவரைத் தட்டிக்கொண்டே நடங்கள். பொத்பொத்தென்று சத்தம் வருகிறதா? பூச்சு உப்பியிருக்கிறதா? வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா? வெளியே சிமென்ட் பூசியிருந்தால் இன்னும் சந்தேகப்படுங்கள். விரிசலில் நுழைந்த தண்ணீர் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே ஊறும். ராஞ்சோஸ் டி டாவ்ஸில் இருக்கும் புகழ்பெற்ற சான் பிரான்சிஸ்கோ தேவாலயத்துக்கே 1967இல் சிமென்ட் பூசினார்கள்; சுவர் உள்ளுக்குள் கெட்டதும் அதை உரித்துவிட்டு மண்பூச்சுக்கே திரும்பினார்கள். இன்றும் ஆண்டுதோறும் ஊர்க்காரர்கள் கூடி மண் பூசுகிறார்கள். அந்த வேலை உங்கள் தலையிலும் விழும், சம்மதமா?

அப்புறம் கூரை. பெரும்பாலும் தட்டைக் கூரை. மழைநீர் 'கனாலே' என்ற தூம்பு வழியாகக் கொட்டும். தூம்புக்குக் கீழே சுவர் அரித்திருந்தால் விலையைக் குறைத்துப் பேசுங்கள். முடிந்தால் ஜூலை, ஆகஸ்ட் மழையில் போய்ப் பாருங்கள். ஒழுகலும் தெரியும், மண் பாதையில் கார் ஏறுமா என்பதும் தெரியும். பாதை அடுத்தவர் நிலத்தில் போனால் வழியுரிமை பத்திரத்தில் இருக்க வேண்டும், வாய்ப்பேச்சு போதாது.

தண்ணீர்க் கணக்கை நீங்களே போடுங்கள். 1,000 சதுர அடி கூரையில் ஓர் அங்குல மழை பெய்தால் சுமார் 2,300 லிட்டர். இங்கே ஆண்டு முழுக்கவே சுமார் 12 அங்குலம்தான். ஒரு சொட்டும் வீணாகாவிட்டால்கூட நாளைக்கு 75 லிட்டர். மீதிக்கு ஆழ்துளைக் கிணறா, லாரியா? கிணறு என்றால் மாநில நீர்ப் பொறியாளர் அலுவலகத்தின் அனுமதியைக் கேளுங்கள். கழிவுத்தொட்டிக்கும் தனி அனுமதி உண்டு.

சோலார் பலகை பளபளக்கும். பேட்டரியில் அச்சிட்ட தேதியைப் பாருங்கள். சாயங்காலம் பம்பையும் ஃப்ரிட்ஜையும் சேர்த்து ஓடவிடச் சொல்லுங்கள்.

இப்படிப்பட்ட வீட்டுக்கு வங்கிகள் கடன் தரத் தயங்கும் என்பதால் விற்பவரே தவணைக்கு ஒத்துக்கொள்வது சகஜம். தவணை தவறினால் கட்டிய பணம் என்ன ஆகும் என்ற பகுதியை வக்கீலிடம் காட்டிவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.