ரேஸ் குதிரையைக் காப்பாற்றப் போகிறீர்களா? முதலில் அந்தக் கொள்ளு வாளியைக் கீழே வையுங்கள்

ரேஸ் குதிரை 2 வயதில் ஓட ஆரம்பிக்கிறது. பெரும்பாலானவை 6, 7 வயதுக்குள் ஓட்டத்திலிருந்து கழிக்கப்படுகின்றன. ஆனால் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் 25 வயது வரைகூட வாழும். மிச்சமிருக்கும் அந்த வருஷங்களில்தான் சவாரிப் பள்ளி, கல்யாண சாரட், கடற்கரைச் சவாரி என்று கைமாறிக் கைமாறி இளைத்துப்போகிறது. அதைப் பார்த்து மனசு பொறுக்காமல் குதிரைகளை மீட்கும் வேலைக்கு வருகிறவர்கள் இப்போது கூடியிருக்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் வருகிற எல்லோரும் அதே தவறுகளைத்தான் செய்கிறார்கள். நிழல் வேண்டும், தண்ணீர் வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

பட்டினி கிடந்த குதிரைக்கு முதல் நாளே கொள்ளு

செங்கல்பட்டுப் பக்கம் சில நண்பர்கள் சேர்ந்து, கல்யாண ஊர்வலத்துக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பழைய ரேஸ் குதிரையைக் காசு கொடுத்து மீட்டார்கள். விலா எலும்பை எட்ட நின்றே எண்ணலாம், அப்படி இருந்தது. வந்த ராத்திரியே கொள்ளை வேகவைத்து, வெல்லம் தட்டிப் போட்டு, வாளி நிறைய வைத்திருக்கிறார்கள். வாளியின் அடியை அது நக்கி எடுப்பதை வீடியோ எடுத்து எனக்கு அனுப்பினார்கள். போன் செய்து நிறுத்தச் சொன்னேன். "பாவம்ணா, எத்தனை நாள் பசியோ" என்றான் அவர்களில் ஒரு பையன். நாலாம் நாள் காலையில் கால் நடுங்கி விழுந்த குதிரை அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. "அதன் விதி" என்று அவர்கள் சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சலாக வருகிறது.

என்ன நடக்கிறது தெரியுமா? வாரக்கணக்கில் பட்டினி கிடந்த உடம்பு, தன் கொழுப்பையும் தசையையும் கரைத்துத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் திடீரென்று மாவுச்சத்தைக் கொட்டினால் ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது, கூடவே இன்சுலின் பாய்கிறது. அந்த இன்சுலின் சர்க்கரையோடு பாஸ்பரஸ், பொட்டாசியம், மக்னீசியம் மூன்றையும் ரத்தத்திலிருந்து செல்லுக்குள் இழுத்துக்கொண்டு போய்விடும். ஏற்கெனவே இருப்பு காலியான உடம்பு அது. இதயமும் மூச்சுத் தசையும் தடுமாறுகின்றன. இது முதல் நாளே தெரியாது. மூன்று, நாலு நாள் கழித்து, 'பரவாயில்லை, தேறிவிட்டது' என்று நாம் நினைக்கிற நேரத்தில்தான் தெரியும். ஓட்ஸ், தவிடு, வெல்லம் எல்லாவற்றுக்கும் இதே கதிதான்.

சரி, என்ன கொடுப்பது? குதிரைமசால், அதாவது லூசர்ன் என்கிற தீவனப் பயிர். அதில் மாவுச்சத்து குறைவு, புரதமும் தாது உப்புகளும் அதிகம். உலர்ந்த குதிரைமசால் சுமார் அரைக் கிலோ, 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை, ராத்திரியிலும் எழுந்து போய்க் கொடுக்க வேண்டும். முதல் 3 நாள் இவ்வளவுதான், அது எவ்வளவு கெஞ்சினாலும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, 10 நாள் வாக்கில் வேண்டியதைத் தின்ன விடலாம். பச்சையாகக் கிடைத்தால் அதில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர் என்பதால் அளவு மாறும். கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் சொல்லும் வரை தானியம் கண்ணில் படக்கூடாது. உடம்பு தேற மாதக்கணக்கில் ஆகும், பத்து நாளில் புகைப்படம் போடுவதற்காக அவசரப்படாதீர்கள்.

ரேஸ் லாயத்திலிருந்து நேராக வந்த கொழுத்த குதிரையின் கதை வேறு. அது தானியத்திலேயே வளர்ந்தது. அதற்குத் தானியத்தை ஒரே நாளில் நிறுத்தாமல் ஒரு வாரம், பத்து நாளில் படிப்படியாகக் குறைத்து, புல்லைக் கூட்டுங்கள். குதிரைக்கு வாந்தி எடுக்க முடியாது; வயிற்றில் கோளாறு வந்தால் உயிருக்கே ஆபத்து.

ரத்தப் பரிசோதனை இல்லாமல் மற்ற குதிரைகளோடு சேர்ப்பது

கிளாண்டர்ஸ் என்று குதிரைகளுக்கு வரும் ஒரு பாக்டீரியா நோய் மனிதருக்கும் தொற்றும். அது உறுதியானால் சட்டப்படி குதிரையைக் கருணைக்கொலை செய்தாக வேண்டும். ரத்த மாதிரியை உங்கள் ஊர் கால்நடைத் துறை வழியாகப் பரிசோதனைக்கு அனுப்பலாம். ஹிசாரில் இருக்கும் தேசிய குதிரை ஆராய்ச்சி மையம் இதைப் பார்க்கிறது. முடிவு வரும் வரை தனிக் கொட்டகை, தனி வாளி, தனித் துடைப்புத் துணி.

டெட்டனஸ் ஊசியைத் தள்ளிப்போடுவது

கூடாது.

வந்த வாரமே ஏறிச் சவாரி

வேண்டாம். மருத்துவர் காலைத் தடவிப் பார்த்து, முதுகில் தசை ஏறிய பிறகு பார்க்கலாம்.

'நல்ல மனுஷர்' என்று நம்பி இனாமாகக் கொடுப்பது

இனாமாக வந்த குதிரையை விற்றால் முழுக் காசும் லாபம். அதனால்தான் ஒரு வருஷம் கழித்து அதே குதிரை வேறொரு ஊர்வலத்தில் நிற்கிறது. வாங்குகிறவரின் இடத்தை நேரில் பாருங்கள், தீவனம் யார் வாங்குகிறார்கள், லாடம் அடிக்க யார் வருகிறார்கள் என்று கேளுங்கள். வைத்துக்கொள்ள முடியாவிட்டால் உங்களிடமே திருப்பித் தர வேண்டும், விற்கவோ வேறு கைக்கு மாற்றவோ கூடாது என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ரேஸ் குதிரைக்குப் பெரும்பாலும் கழுத்தின் இடப்பக்கம் மைக்ரோசிப் இருக்கும். அந்த எண்ணையும் ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். நாளைக்கு வேறு ஊரில் வேறு பெயரில் கட்டியிருந்தாலும், இது அதே குதிரைதான் என்று காட்ட அந்த எண் போதும்.