ஒரு கேபியில் தேர் நிற்குமா? படமும் மெயிலும் படுத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆனித் தேரோட்டம் முடிந்த மறுநாள், எங்கள் தெரு அண்ணாச்சி பென் டிரைவோடு வந்து நின்றார். நெல்லையப்பர் தேர் ரத வீதியில் திரும்பும்போது எடுத்த படங்களைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு வீட்டில் மாட்ட ஆசை.

"தம்பி, பூராப் படத்தையும் இதுல ஏத்திக் கொண்டுபோனேன். ஸ்டூடியோக்காரன் ஒண்ணுமே இல்லங்கான். எங்க வீட்டு கம்ப்யூட்டர்ல சொருகினா நல்லாத்தான தெரியுது?"

இரண்டு பேர் சொன்னதும் உண்மை. பென் டிரைவில் இருந்தது 'போட்டோ' என்ற பெயரில் ஒரே ஒரு ஃபோல்டர் மாதிரியான பொருள். அதன் இடது கீழ் மூலையில் சின்னதாக வளைந்த அம்புக்குறி. சைஸ் 1 கேபி. போனில் எடுத்த ஒரே ஒரு படமே சாதாரணமாக 3, 4 எம்பி வரும்; ஒரு எம்பி என்பதே சுமார் ஆயிரம் கேபி. ஒரு கேபியில் தேர்ச் சக்கரம்கூட நிற்காது. அவர் ஏற்றிக்கொண்டு போனது ஷார்ட்கட். 'படம் இந்தக் கம்ப்யூட்டரில் இன்ன இடத்தில் இருக்கிறது' என்று எழுதிய துண்டுச்சீட்டு, அவ்வளவுதான். வீட்டில் அந்த இடம் இருக்கிறது, திறக்கிறது. வண்ணார்பேட்டை ஸ்டூடியோவில் அது எப்படி இருக்கும்?

அந்த ஷார்ட்கட்டை அவர் வசதிக்காக டெஸ்க்டாப்பில் போட்டுக் கொடுத்தது நான்தான். அது என்ன என்று சொல்லிக்கொடுக்காமல் வந்ததுதான் தவறு. புதியவர்களுக்கு உதவப் போகும் நாம் பண்ணும் முதல் கோளாறு இதுதான்: மவுஸைப் பிடுங்கி நாலு கிளிக்கில் வேலையை முடித்துவிட்டு, "சரி அண்ணாச்சி, ஆயிருச்சு" என்று கிளம்பிவிடுவது.

அதனால் இப்போது எந்தப் புகார் வந்தாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றுதான். படம் இந்த நிமிஷம் எங்கே இருக்கிறது? போனிலா, மெமரி கார்டிலா, கம்ப்யூட்டரிலா, கூகுள் போட்டோஸிலா, அனுப்பாமல் டிராஃப்ட்ஸில் கிடக்கும் மெயிலிலா? ஃபோல்டரைத் திறந்து வியூவில் 'டீடெயில்ஸ்' வைத்துவிட்டால் பெயர், வகை, சைஸ் மூன்றும் வரிசையாகத் தெரியும். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

போனில் வழி சொல்வதாக இருந்தால், "அதை அமுக்குங்க, இதை அமுக்குங்க" என்று அவசரப்படாமல், திரையில் இருப்பதை எழுத்துக்கூட்டியாவது வாசிக்கச் சொல்லுங்கள். 'எர்ரர் வருது' என்பதை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. அந்த எர்ரரின் வாசகம்தான் வேண்டும்.

வாசிக்காமல் அமுக்குவதில் மிகக் கெட்டது ஒன்று உண்டு. மெமரி கார்டைச் செருகியதும் 'இந்த டிஸ்கைப் பயன்படுத்தும் முன் ஃபார்மட் செய்ய வேண்டும்' என்று விண்டோஸ் சில சமயம் கேட்கும். பணிவாகக் கேட்கிறதே என்று நம் ஆட்கள் சரி கொடுத்துவிடுவார்கள். ஃபார்மட் என்றால் கார்டைத் துடைத்துக் காலி பண்ணுவது. கொடுக்கக் கூடாது, கேன்சல்தான். கார்டை வேறு ரீடரில், வேறு கம்ப்யூட்டரில் போட்டுப் பாருங்கள். படம் அழிந்தே போயிருந்தாலும் அந்தக் கார்டில் புதிதாக ஒரு படம்கூட எடுக்காதீர்கள். அழித்த படத்தின் தகவல் பெரும்பாலும் கார்டிலேயே கிடக்கும். மேலே புதுப்படம் எழுதப்பட்டால்தான் நிஜமாகப் போகும். கல்யாண வீட்டில் இது நடந்தால் கார்டைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு வேறு கார்டைப் போடுங்கள்.

படத்தின் மேல்பாதி மட்டும் தெரிந்து கீழே சாம்பல் நிறமாக இருந்தால், பெரும்பாலும் காப்பி முடியும் முன் பென் டிரைவை உருவியிருப்பார்கள், அல்லது கரண்ட் போயிருக்கும். மூலப்படம் இருந்தால் மறுபடி காப்பி எடுத்தால் போதும். இதற்காகவே சொல்கிறேன், கட்-பேஸ்ட் வேண்டாம். காப்பி பண்ணி, திறந்து பார்த்து, அப்புறம் பழையதை அழியுங்கள்.

ஐபோன் படங்கள் இன்னொரு வகை. 2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் அவை ஹெச்இஐசி என்ற வடிவில் சேமிக்கப்படுகின்றன. பழைய கம்ப்யூட்டர்களில் பல அதைத் திறக்காது. உடனே பெயரின் கடைசியை, வழக்கமான பட வடிவான ஜேபிஜி என்று மாற்றிப் பார்ப்பவர்கள் நிறைய. கல்லிடைக்குறிச்சி அப்பளக் கட்டின் மேல் அல்வா என்று எழுதி ஒட்டினால் இனிக்குமா? உள்ளே இருப்பது மாற வேண்டும். படத்தைத் திறக்க முடிகிற கம்ப்யூட்டரில் 'சேவ் ஆஸ்' போய் ஜேபிஜியாகச் சேமிக்க வேண்டும். போனிலேயே செட்டிங்ஸ், கேமரா, ஃபார்மட்ஸ் என்று போய் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' வைத்துவிட்டால் இனி எடுப்பவை ஜேபிஜியாகவே வரும்.

மெயிலுக்கு வருவோம். ஜிமெயிலில் ஒரு கடிதத்தோடு 25 எம்பிதான் இணைக்கலாம். நாலு எம்பி படம் பத்து வைத்தால் தாண்டிவிடும். தாண்டினால் அது படத்தை கூகுள் டிரைவ் என்ற இணையச் சேமிப்பில் வைத்து லிங்க்காக மாற்றும், யார் பார்க்கலாம் என்றும் கேட்கும். அந்தக் கேள்வியைப் பார்க்காமல் மூடிவிட்டால், மஸ்கட்டில் இருக்கும் மகளுக்குப் படத்துக்குப் பதில் 'அனுமதி கேளுங்கள்' என்ற பக்கம்தான் திறக்கும். ஸிப் போட்டால் எடை குறையும் என்று நினைப்பதும் வீண். ஜேபிஜி ஏற்கெனவே சுருக்கப்பட்டது. ஸிப் கட்டு கட்டத்தான் உதவும். இருபது எம்பியை அனுப்பினால்கூடச் சில அலுவலக மெயில்கள் திருப்பிவிடும். வழியில் படம் எழுத்துகளாக மாறிப் போவதால் எடை மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. நாலைந்து படமாகப் பிரித்து அனுப்புங்கள்.

வாட்ஸப்பில் அனுப்பினால் வேலை சுலபம்தான், ஆனால் படம் சுருங்கிவிடும். பிரிண்ட் போடுவதற்கு என்றால் 'டாக்குமெண்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டும்.

இடம் நிறைந்துவிட்டது என்று வந்தால் கூகுள் போட்டோஸில் கண்டபடி அழிக்காதீர்கள். கூகுள் தரும் இலவச 15 ஜிபி என்பது மெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் பொது. ஆனால் போட்டோஸில் அழித்த படம் போனிலிருந்தும் போய்விடும். சேமிப்பில் ஏறிய படம் என்றால் 60 நாள் குப்பைத்தொட்டியில் இருக்கும், அதற்குள் மீட்கலாம். உதவி கேட்க 'கஸ்டமர் கேர்' நம்பரைத் தேடி யாரிடமாவது ஓடிபி சொல்லிப் பணம் போய்விட்டால், உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்குப் போன் போடுங்கள்.

அண்ணாச்சியிடம் இன்னொரு வழக்கும் இருந்தது. மகளுக்கு மூன்று முறை மெயில் போட்டும் போய்ச் சேரவில்லை.

"பதில் எதுவும் வந்துச்சா அண்ணாச்சி?"

"மக கிட்டருந்து வரல. யாரோ மெயிலர் டீமனாம், இங்கிலீஷ்ல நீளமா எழுதுதான். நமக்குத் தெரியாத ஆளு, அழிச்சுட்டேன்."

குப்பைத்தொட்டியில் மூன்றும் பத்திரமாக இருந்தன. ஜிமெயிலில் அங்கே 30 நாள் கிடக்கும். போய்ச் சேராத கடிதத்துக்கு மெயில் சர்வர் தானாக அனுப்பும் பதில் அது. முகவரி தப்பா, பெட்டி நிறைந்துவிட்டதா என்று காரணமும் அதிலேயே இருக்கும். மகளின் முகவரியில் 'டாட் காம்' என்பதற்குப் பதில் 'டாட் கான்' என்று இருந்தது. கீபோர்டில் எம்மும் என்னும் பக்கத்துப் பக்கத்து வீடு. ஒரு முறை தப்பாக அடித்ததை ஜிமெயில் ஞாபகம் வைத்து, முதல் இரண்டு எழுத்திலேயே எடுத்து நீட்டிக்கொண்டிருந்திருக்கிறது. திருத்தி அனுப்பினால் மட்டும் போதாது. கான்டாக்ட்ஸில் போய் அந்தப் பழைய முகவரியை அழித்தோம். இந்தத் தடவை மவுஸ் அவர் கையில்தான் இருந்தது, இருபது நிமிஷம் ஆனது.