உப்பு மாவில் குட்டிக் கை அச்சு: வீட்டிலேயே செய்வது எப்படி?

அரையாண்டு விடுமுறை விட்டாச்சு, வாண்டுகள் வீட்டில் சும்மா இருக்கப் போவதில்லை, பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது தாத்தா பாட்டிக்கு எதையாவது கொண்டுபோகவும் வேண்டும். பேரப்பிள்ளையின் கை அச்சைச் செய்து கொடுங்கள். மைதா, தூள் உப்பு, தண்ணீர் இருந்தால் போதும். குயவரிடம் மண் வாங்கிச் செய்யலாமே என்றால், செய்யலாம், ஆனால் சூளையில் சுடாத மண் தண்ணீர் பட்டால் கரைந்துவிடும், லேசாகத் தட்டினாலே உடையும். முதல் தடவை செய்பவர்களுக்கு உப்பு மாவுதான் சரி.

ஒரே கப்பால் மைதா 2 கப், உப்பு 1 கப் அளந்து நன்றாகக் கலந்துகொள்ளுங்கள். கல் உப்பு வேண்டாம், அது முழுசாகக் கரையாது, ரேகை விழ வேண்டிய இடத்தில் பொடிப்பொடியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். தண்ணீரை முக்கால் கப்பில் தொடங்கி, தேவைப்பட்டால் ஸ்பூன் ஸ்பூனாகச் சேர்த்து, பூரிக்குப் பிசைவது போலக் கெட்டியாகப் பத்து நிமிடம் அழுத்திப் பிசையுங்கள். கையில் ஒட்டினால் கொஞ்சம் மைதா, ஓரம் வெடித்தால் கையை நனைத்துக்கொண்டு இன்னும் இரண்டு பிசை. நான்கைந்து குட்டி அச்சுகளுக்கு இந்த மாவு வரும். கோதுமை மாவிலும் செய்யலாம், சுட்ட மண் மாதிரி பழுப்பாக வரும், எனக்கென்னவோ அதுதான் பிடிக்கும். மஞ்சள் தூள் கலந்தால் பார்க்கப் பளிச்சென்று இருக்கும், ஆனால் வெயில் விழும் சுவரில் மாட்டினால் சீக்கிரம் வெளுத்துப் போகும்.

ஒரு உருண்டை எடுத்து, பட்டர் பேப்பர் மேல் வைத்து, 1 செ.மீ. கனத்துக்குத் தேய்த்துக்கொள்ளுங்கள். அதைவிட மெல்லிசாக இருந்தால் உடையும், தடிமனாக இருந்தால் உள்ளே காயவே காயாது. கிண்ணத்தைக் கவிழ்த்து அழுத்தினால் வட்டம் வந்துவிடும்.

இனிமேல்தான் விஷயமே இருக்கிறது. முதலில் பிள்ளையின் கையில் கீறல், நகம் பெயர்ந்த இடம் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள், உப்பு பட்டால் எரியும், அப்புறம் அன்றைக்குக் கையை நீட்டவே மாட்டாள். மூன்று வயதுக்கு மேல் என்றால் விரல்களை விரித்து வைக்கச் சொல்லி, உங்கள் கையை மேலே வைத்து, முதலில் உள்ளங்கையின் நடுவில், பிறகு ஒவ்வொரு விரல் நுனியிலும் தனித்தனியாக அழுத்துங்கள். கையை எடுக்கும்போது மணிக்கட்டுப் பக்கமிருந்து நேராக மேலே தூக்க வேண்டும், பக்கவாட்டில் இழுத்தால் சுண்டுவிரல் அச்சு கலைந்துவிடும். கைக்குழந்தை என்றால் கதையே வேறு. உள்ளங்கையில் எது பட்டாலும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், அது பிறவியிலேயே வரும் அனிச்சைச் செயல், ஐந்தாறு மாதம் வரைக்கும் இருக்கும். விரலைப் பிடித்து இழுக்காதீர்கள், புறங்கையை மெதுவாகத் தடவிக் கொடுங்கள், மொட்டு மாதிரி இருந்த கை தானாக விரியும், அந்த நொடியில் மாவைக் கையோடு சேர்த்து அழுத்திவிடுங்கள். பால் குடித்துக் கண் சொக்கும் நேரம் தோதான நேரம். அப்படியும் வரவில்லையா, பாத அச்சு எடுத்துக்கொள்ளுங்கள், அதுவும் அழகுதான்.

சரியாக விழாவிட்டால் உருட்டி மறுபடி தேய்க்கலாம். ஆனால் கட்டைவிரல் கொஞ்சம் கோணலாக விழுந்ததற்கெல்லாம் கலைக்காதீர்கள். முடிந்ததும் கையை நன்றாகக் கழுவிவிட்டு, விரல் பக்கம் ஓரத்திலிருந்து ஒரு விரற்கடை தள்ளி ஸ்ட்ராவால் ஓட்டை போடுங்கள், காயும்போது ஓட்டை கொஞ்சம் சுருங்கும் என்பதால் பெரிய ஸ்ட்ராவே நல்லது. பெயர், வயது, தேதியைப் பல்குச்சியால் முன்பக்கத்துக் கீழ் ஓரத்தில் சின்னதாக எழுதினால் போதும்.

காயவைக்க ஓடிஜி (கேக் சுடும் மின்சார ஓவன்) இருந்தால் 100 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம், நடுவில் ஒருமுறை திருப்பிப் போட்டு. மைக்ரோவேவ் வேண்டாம், கொப்புளம் கொப்புளமாக எழும்பிவிடும். ஓவனே இல்லாவிட்டால் கம்பித் தட்டிலோ முறத்திலோ வைத்து ஃபேனுக்குக் கீழே மூன்று நான்கு நாள், காலையும் மாலையும் திருப்பிப் போட்டால் ஓரம் மடங்காது. அச்சு எடுத்ததும் உச்சி வெயிலில் வைத்தால் மேலே மட்டும் இறுகி விரிசல் விடும். மழை பிடித்துக்கொண்டால் நாள் கூடும், அதனால் பொங்கலுக்குப் பத்து நாள் முன்பே ஆரம்பித்துவிடுங்கள். பின்பக்கம் தொட்டால் சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம்.

வண்ணம் அடிப்பதை அக்ரிலிக் பெயிண்டைக் கொடுத்துப் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள். என்னைக் கேட்டால் மினுமினுப்பு, பாசி, முத்து எல்லாம் வேண்டாம், ரேகை மறைந்துவிடும். ஆனால் வார்னிஷை மட்டும் தவிர்க்காதீர்கள். உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும், சென்னை, தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர்களில் சும்மா விட்டால் சில மாதங்களில் நமத்துப் பூஞ்சை பிடிக்கும், எறும்பும் வரும். முன்புறம், பின்புறம், ஓரம், ஓட்டைக்குள் எல்லாம் இரண்டு கோட் அடியுங்கள், இது பெரியவர்கள் வேலை, ஜன்னலைத் திறந்துவைத்து. ஃபெவிகாலைத் தண்ணீரில் கரைத்துப் பூசுவது ஈரத்துக்கு நிற்காது.

இரண்டு எச்சரிக்கை. உப்பு மாவைப் பிள்ளைகள் தின்னாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வீட்டில் நாய் இருந்தால் அதற்கும் எட்டாமல் வையுங்கள், அவ்வளவு உப்பு உயிருக்கே ஆபத்து. அடுத்து, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் கையை நேரடியாக வைக்கவே கூடாது. அது இறுகும்போது நன்றாகச் சூடாகும், 2007இல் இங்கிலாந்தில் கைகளை அதற்குள் வைத்த ஒரு பள்ளி மாணவி பெரும்பாலான விரல்களை இழந்தார்.

ஊருக்குக் கொண்டுபோகும்போது பழைய பருத்தித் துணியில் சுற்றி, ஸ்வீட் டப்பாவில் படுக்கவைத்து எடுத்துப் போங்கள். மாட்டுவதற்குச் சணல் கயிறு போதும். அங்கே போனதும் சமையலறைச் சுவரிலும் குளியலறைப் பக்கமும் மட்டும் மாட்ட வேண்டாம் என்று பாட்டியிடம் சொல்லிவிடுங்கள்.