மேட்டுப்பாத்தி மண் கட்டி கட்டியாக இறுகிவிட்டதா?

பாத்தியில் விரலை விட்டால் நகம்தான் உடைகிறது என்கிறீர்களா? உடனே மண்வெட்டியைத் தூக்காதீர்கள். இந்த வேலையில் முக்கால்வாசி, பதம் பார்ப்பதுதான்.

முதல் வேலை: நாலு அங்குல ஆழத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் இறுக்கிப் பிடியுங்கள். கையைத் திறந்து கட்டைவிரலால் லேசாகத் தட்டுங்கள். பொலபொலவென்று உதிர்ந்தால் கிளறலாம். விரல் ரேகை பதிந்து, பளபளவென்று உருண்டையாகவே இருந்தால் ஈரம் அதிகம். இரண்டு மூன்று நாள் காயட்டும். மழை விட்ட மறுநாளே ஆசை ஆசையாகக் கொத்திவிட்டு, ஒரே வாரத்தில் பாத்தி முழுக்கச் செங்கல் துண்டுகளாகக் காய்ந்ததைப் பார்த்தவன் நான். ஈரக் களிமண்ணை அழுத்தினால் துகள்களுக்கு நடுவே இருக்கும் காற்று இடைவெளி நசுங்கிவிடும்.

பிடிக்கே வராமல் கல்லாக இருக்கிறதா? பூவாளியால் அரை மணிக்கு ஒரு தடவையாக மூன்று தடவை நனையுங்கள். மொத்தமாக ஊற்றினால் தண்ணீர் விரிசல் வழியே ஓடிவிடும், கட்டியின் உள்ளே காய்ந்தேதான் இருக்கும். ஓரிரு நாள் கழித்து மறுபடி பதம் பாருங்கள்.

பதம் வந்ததும், பல் வைத்த கொத்தை 15 முதல் 20 செ.மீ. ஆழம் வரை இறக்கி நெம்பி விடுங்கள். கோலிக்குண்டு அளவுக் கட்டிகள் கிடந்தால் கிடக்கட்டும். மாவாகப் பொடித்தால் அடுத்த மழைக்கு மேல்மண் ஓடு போல இறுகிவிடும்.

அடுத்து மட்கிய உரம். 5 முதல் 8 செ.மீ. உயரத்துக்குப் பரப்பி, நெம்பிய மண்ணோடு கலந்துவிடுங்கள். தொழு உரமோ மண்புழு உரமோ, எதுவானாலும் நன்றாக மட்கியிருக்க வேண்டும். பச்சைச் சாணம் வேரைக் கருக்கிவிடும்.

மணல் கொட்டினால் இளகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கொஞ்ச மணல் போட்டால் அதன் இடுக்குகளைக் களி அடைத்துக்கொண்டு மண் இன்னும் இறுகும். பலன் தெரிய வேண்டுமென்றால் பாதிக்கு மேல் மணலாக இருக்க வேண்டும். அதற்கு மண்ணையே மாற்றிவிடலாம்.

கடைசியாக, காய்ந்த இலையோ வைக்கோலோ 5 செ.மீ. மூடாக்குப் போடுங்கள், செடியின் தண்டில் ஒட்டாமல். பாத்திக்குள் கால் வைக்கவே வேண்டாம்.

ஒரே பருவத்தில் மண் முழுசாக மாறிவிடாது. ஒவ்வொரு நடவுக்கு முன்பும் 2 செ.மீ. மட்கு பரப்பினால் போதும். கிளற வேண்டியதில்லை, மண்புழுக்கள் கீழே இழுத்துக்கொள்ளும்.